எச்.ஈ.வி. என்று மூன்றெழுத்து மட்டும் போட்டால் எங்களுக்கு எப்படி விளங்கும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பத்திரிகையின் வாகனப் பக்கத்தில் இறக்குமதி மறுபடி தொடங்கியதைப் பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள், 2025இல் திறந்துவிட்டார்கள், இனி எந்த மாதிரிக் காருக்கு எப்படி வரி என்றெல்லாம் விவரமாக எழுதியிருந்தீர்கள். நல்லது. அதில் ஒரு பத்தி முழுக்க எச்.ஈ.வி., எச்.ஈ.வி. என்றே வருகிறது. என்னவென்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. அடுத்த வாரம் அதே பத்திரிகையின் மருத்துவப் பக்கத்தில், கர்ப்பிணித் தாய்மார் எச்.ஈ.வி. விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும் என்று ஒரு வரி. அங்கேயும் விளக்கம் கிடையாது. கண் மங்கிப்போன பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருவர், எங்கள் இஸ்தோப்பில் உட்கார்ந்து என்னைப் பத்திரிகை வாசிக்கச் சொல்லிக் கேட்பார். இரண்டையும் கேட்டுவிட்டு, "அப்போ வயித்துப் பிள்ளைக்காரி அந்தக் காருல ஏறக் கூடாதா மிஸ்?" என்றார்.

வாகனப் பக்கத்தில் அது ஹைபிரிட் கார், மருத்துவப் பக்கத்தில் அது காமாலையைக் கொண்டுவரும் ஹெபடைடிஸ் ஈ வைரஸ். சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். ஆனால் இதே மூன்று எழுத்தால் எங்கள் பணியக்கணக்கில், அதாவது தோட்டத்தின் கீழ்ப்பிரிவில், ஒரு பெண் பட்ட பாட்டைக் கிட்ட இருந்து பார்த்தவள் நான். அதனால் எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளும், வெட்டுவதென்றால் காரைப் பற்றிய இடத்தை வெட்டுங்கள், தண்ணீரைப் பற்றிய இடத்தை வெட்டாதீர்கள்.

நான் இராகலை, கந்தப்பளை, வலப்பனைப் பக்கத்துத் தோட்டங்களில் குடும்பநல உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். அரசாங்கம் பதவிக்கு என்ன பெயர் வைத்தாலும் சனங்களுக்கு நான் மிட்வைஃப் மிஸ்தான். லயத்து ஏணிப்படிகளும், மழை நாளில் அட்டை கடிக்கும் குறுக்குப் பாதைகளும் இன்னும் காலுக்கு நினைவிருக்கின்றன. வேலையை விட்டாலும் வேலை என்னை விடவில்லை. யாருக்காவது வயிறு வலித்தால் டிஸ்பென்சரிக்கு முன்னால் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

அந்தப் பெண்ணுக்கு ஏழு மாதம் முடிந்திருந்தது. இரண்டாவது பிள்ளை. புருஷன் கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு கடையில் வேலை, மாதத்துக்கு ஒரு தரம் வருவான். மாமனார் மாமியாருடன்தான் அவள் இருந்தாள். முதலில் காய்ச்சல், உடம்பு அசதி. அப்புறம் சோற்றைக் கண்டாலே குமட்டல், வெங்காயம் தாளிக்கிற வாசனைக்கே வாந்தி. கர்ப்பிணிக்கு வாந்தி வருவது புதுசா என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். மசக்கை வாந்தி ஏழாம் மாதத்தில் புதிதாகத் தொடங்காது என்பதைச் சொல்ல ஆள் இல்லை. கண் வெள்ளை மஞ்சளாகி, சிறுநீர் பிளேன்டீ நிறத்துக்கு வந்த பிறகுதான் மாமியார் "செங்கமாரி", அதாவது மஞ்சள் காமாலை, என்று கண்டுபிடித்தார். கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுத்தார்கள். உப்பில்லை, எண்ணெய் இல்லை, பத்தியம். கீழாநெல்லியைக் குறை சொல்ல நான் வரவில்லை, எங்கள் அம்மாவும் கொடுத்திருக்கிறார். ஆனால் அதைக் குடித்துக்கொண்டே நாளைக் கடத்துகிறார்களே, அதுவும் கர்ப்பிணி விஷயத்தில், அதைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை.

கடைசியில் டவுனுக்குக் கூட்டிப்போய் ஒரு தனியார் டாக்டரிடம் காட்டினார்கள். அவர் இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். ரிப்போர்ட் வந்தபோது டாக்டர் கிளினிக்கை மூடிவிட்டுப் போயிருந்தார், மறுநாள் விடுமுறை. பரிசோதனை செய்த இடத்தில் ஒரு பாதித் தாளைக் கையில் கொடுத்து, டாக்டரிடம் காட்டுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அந்தத் தாளை நானும் பார்த்தேன். மேலே நிறுவனத்தின் பெயர் பெரிய எழுத்தில், மூன்று நிறத்தில். நடுவில் ஒரே ஒரு வரி. ஆன்ட்டி எச்.ஈ.வி. ஐ.ஜி.எம்., அதற்கு நேரே ரியாக்டிவ். எல்லாம் ஆங்கிலம். கீழே, இந்த அறிக்கையை வைத்தியரின் ஆலோசனையோடு வாசிக்கவும் என்று பொடி எழுத்தில் ஒரு குறிப்பு, அதுவும் ஆங்கிலத்தில்தான். 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் வந்து தமிழும் ஆட்சிமொழி ஆனது. அதற்குப் பிறகு பிறந்த பெண் அவள். அவள் உடம்பில் என்ன இருக்கிறது என்று சொல்லும் அந்த ஒரு வரியை வாசிக்கத் தோட்டத்தில் ஆள் தேட வேண்டியிருந்தது.

ஏ.எல். படிக்கிற ஒரு பிள்ளை எழுத்தைச் சரியாகத்தான் வாசித்தாள். எச், ஈ, வி. அர்த்தம் அவளுக்கும் தெரியவில்லை. ரியாக்டிவ் என்றால் நல்லதா கெட்டதா என்பதிலேயே வீட்டில் வாக்குவாதம். எங்கள் சனங்களுக்கு இது எப்போதும் உள்ள தொல்லை. பாசிட்டிவ் என்றால் சந்தோஷப்படுவார்கள், நெகட்டிவ் என்றால் அழுவார்கள். நோய் இருக்கிறது என்று காட்டினால்தான் பாசிட்டிவ், ரியாக்டிவ் என்றெல்லாம் எழுதுவார்கள் என்று கிளினிக்கில் எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். சரி, அந்தத் தாளை மாமனார் கொண்டுபோய் என் அண்ணன் மகனிடம் காட்டினார். அவன் ஹயர் ஓடுகிறவன், ஃபோனில் எல்லாம் தேடுவான் என்று ஊரில் பெயர். மூன்று எழுத்தை ஃபோனில் அடித்ததும் வரிசையாகக் கார்கள் வந்திருக்கின்றன. "மாமா, இது நம்ம காரு மாதிரி ஹைபிரிட் காரோட பேரு. லாப்ல ஏதோ மாத்தி அடிச்சிட்டாங்க போல" என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

அவன் சொன்னதில் பாதி உண்மை. அவன் ஓட்டுவது டொயோட்டா அக்வா, பெற்றோலும் மின்சாரமும் சேர்ந்து ஓடும் வாகனம். அந்த வகைக்கு உலகம் முழுக்க எச்.ஈ.வி. என்றுதான் சுருக்கம், சில புதிய கார்களின் முதுகிலேயே அந்த எழுத்தைப் பதித்து விடுகிறார்கள். 1997இல் ஜப்பானில் பிரியஸ் வந்ததிலிருந்து நடக்கிற சமாசாரம். கரண்டில் செருகி சார்ஜ் பண்ணத் தேவையில்லை, பிரேக் பிடிக்கிற சக்தியே பற்றரிக்குப் போய்விடும். நுவரெலியாவிலிருந்து றம்பொடை இறக்கத்தில் வரும்போது பார்க்க வேண்டும், பற்றரிக் கட்டம் மளமளவென்று நிறையும். நிறைந்த பிறகு எஞ்சின் தானாக உறுமி வேகத்தைப் பிடிக்கும். முதல் தடவை ஏறுகிறவர்கள் கார் பழுதாகிவிட்டது என்று பயந்துவிடுவார்கள். பின் சீட்டுக்குக் கீழே பற்றரி, அதற்குக் காற்றுப் போகச் சீட்டின் பக்கத்தில் ஒரு சல்லடை. அதை மறைத்து லீக்ஸ் மூட்டையை வைக்கிற பயணிகளோடு அவன் சண்டை பிடிக்காத நாளில்லை. இதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. அந்தத் தாளில் இருந்தது மட்டும் அவன் தொழில் அல்ல.

அதோடு அவன் நிறுத்தியிருக்கலாம். தாளைப் படம் பிடித்து எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் வேறு போட்டுவிட்டான், யாருக்காவது தெரியுமா என்று. அடுத்த வீட்டுப் பெண்ணின் இரத்தப் பரிசோதனையை ஊருக்குக் காட்டியதற்கு அவன் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை. ஹங்கேரியில் வேலை செய்கிற என் தங்கை மகன், ஒரு ஸ்டேஷன் பலகையைப் படம் எடுத்து அனுப்பினான். "இங்க கோச்சிக்கே எச்.ஈ.வி.ன்னுதான் பேரு பெரியம்மா!" என்று கீழே எழுதி, சிரிக்கிற முகம் ஒன்றும் போட்டிருந்தான்.

அதுவும் பொய்யில்லை. புடாபெஸ்ட் நகரத்திலிருந்து சுற்றுப்புற ஊர்களுக்கு ஓடும் மின்சார ரயிலுக்கு அந்தப் பெயர். ஹெய்யி எர்தெக்கூ வாஷூத் என்பதன் முதலெழுத்துகள், உள்ளூர்த் தேவைக்கான ரயில்பாதை என்று அர்த்தம். நாம் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்கிறோம், அவர்கள் ஒரே மூச்சில் "ஹேவ்" என்கிறார்களாம். 1880இல் அந்த நாட்டில் உள்ளூர்ப் பாதைகளுக்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள். பெரிய பாதைக்கு உள்ள அளவுக்குக் கட்டுப்பாடு, செலவு இல்லாமல் சின்னச் சின்னப் பாதைகளைப் போட அது வழிவிட்டது. புடாபெஸ்டில் முதல் ஹேவ் 1887இல் ஓடியது. தங்கை மகன் போய்வருவது செபெல் என்ற பக்கத்துக்கு, அந்தப் பாதை 1951இல் வந்தது.

இதை வாசித்தபோது எனக்கு எங்கள் சின்னக் கோச்சி ஞாபகம் வந்தது. உங்கள் இளம் வாசகர்கள் பலருக்குத் தெரிந்திருக்காது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரைக்கும் ஒரு கோச்சி ஓடியது. பதுளைப் பாதை ஐந்தரை அடி அகலம், இது இரண்டரை அடி. 1903இல் நுவரெலியா வரைக்கும், 1904இல் இராகலை வரைக்கும் வந்தது. தேயிலைப் பெட்டியை இறக்கவும் அரிசி மூட்டையை ஏற்றவும் போட்ட பாதை. தாத்தா அதில் தண்டவாளக் கூலியாக இருந்தவர் என்று அப்பா சொல்லுவார். 1940களில் மூடிவிட்டார்கள், தண்டவாளத்தையும் கழற்றிவிட்டார்கள். ஹங்கேரிக்காரர்கள் சின்னப் பாதையை மின்சாரமாக்கி இன்றும் ஓட்டுகிறார்கள், நாங்கள் கந்தப்பளை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறோம். சரி, அது வேறு முறைப்பாடு, வேறு கடிதம்.

காரும் கோச்சியும் ஒரே சுருக்கத்தை வைத்துக்கொண்டதால் யாருக்கும் ஒரு கெடுதியும் இல்லை. ஸ்டேஷன் பலகையைப் பார்த்து யாரும் கார் தேடப் போவதில்லை. எங்கள் பக்கத்தில் வாழ்க்கையே சுருக்கெழுத்துதானே. ஈ.பி.எஃப்., ஈ.டி.எஃப்., ஜி.எஸ்., பி.எச்.ஐ., எம்.ஓ.எச். 2005இல் இலங்கைப் போக்குவரத்துச் சபை என்று பெயரை மாற்றியும் சிவப்பு பஸ் எங்களுக்கு இன்றும் சி.டி.பி.தான். இவற்றுக்கு விரிவு தெரியாவிட்டாலும் எந்தக் கவுண்டருக்குப் போக வேண்டும் என்று தெரியும். இரத்த ரிப்போர்ட்டில் வருகிற எழுத்துக்கு அந்த வசதி இல்லை. போதாததற்கு, அதன் அக்கம்பக்கத்தில் இருக்கும் மற்ற எழுத்துகளைப் பாருங்கள். எச்.ஏ.வி., எச்.பி.வி., எச்.சி.வி., மூன்றும் வேறு காமாலை வைரஸ்கள். அப்புறம் எச்.ஐ.வி.

நடந்தது அதுதான். தாள் வந்த மறுநாள் காலையில் பீலியில் தண்ணீர் பிடிக்க நின்றவர்களிடம் மாமியார் சொல்லியிருக்கிறார், மருமகளுக்கு ஏதோ எச்.ஈ.வி.யாம் என்று. பீலியடியில் தொடங்கிய பேச்சு வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்துக்குப் போவதற்குள் எச்.ஐ.வி. ஆகிவிட்டது. யாரும் வேண்டுமென்று மாற்றவில்லை. கேள்விப்பட்ட சொல் அது ஒன்றுதான், காதும் அதைத்தான் கேட்டது. கொழும்பில் இருக்கிற புருஷன் மேல் பழி. அவனுக்கு யாரோ ஃபோன் போட்டு, உன் பெண்டாட்டிக்கு இப்படியாமே என்று கேட்டிருக்கிறார்கள். மூத்த பிள்ளையை, தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் தனியாக உட்கார வைத்தார்களாம். எச்.ஐ.வி.யே இருந்தாலும் அப்படிச் செய்யக் கூடாது, கூட உட்கார்ந்தால் அது தொற்றாது. அதைச் சொன்னால் கேட்கிற நிலையில் அன்றைக்கு யாரும் இல்லை. பரிசோதனை என்ன சொன்னதென்று விளங்காத வீட்டில், ஊர் சொன்னது மட்டும் விளங்கியது. மாமியார் வெட்கத்தில் அவளை வெளியே விடவில்லை, ஆஸ்பத்திரிப் பேச்சே நின்றுபோயிற்று.

அவளைப் பெற்ற தாய் மேக்கணக்கிலிருந்து இறங்கி வந்து, இருட்டுகிற நேரத்தில் என் கதவைத் தட்டினார். சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த தாளை அவிழ்த்துக் கொடுத்தார். பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது, ஏனென்றால் கர்ப்பிணிக்கு வரவே கூடாத காமாலை அது. அண்ணன் மகனைக் கூப்பிட்டேன், அவன் காரில்தான் இரவோடிரவாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எச்.ஈ.வி.யை எச்.ஈ.வி.யில் ஏற்றினோம் என்று அவன் இப்போதும் சொல்லிச் சிரிக்கிறான். வழியெல்லாம் அவள் அரை மயக்கத்தில் என் மடியில் கிடந்தாள், எனக்கு அந்தச் சிரிப்பு இன்னும் வரவில்லை. ஆஸ்பத்திரியில் நன்றாகப் பார்த்தார்கள். பிள்ளை நாள் நிறையாமல் பிறந்தது, எடை குறைவு. இப்போது தாயும் பிள்ளையும் சுகம்.

இனி அந்த எழுத்துக்கு வருகிறேன். அது ஹெபடைடிஸ் ஈ வைரஸ். கல்லீரலைப் பிடிக்கும் வைரஸ்களில் ஏ, பி, சி, டி, ஈ என்று ஐந்து முக்கியமானவை. பி, சி, டி இரத்தம் முதலிய உடல் திரவங்களால் பரவுகிறவை. ஏயும் ஈயும் வயிற்று வழி. நோயாளியின் மலத்தில் வெளியேறி, தண்ணீரில் கலந்து, அடுத்தவர் வாய்க்குள் போகிறது. பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாக ஆறிவிடும். ஆனால் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் வந்தால் நூற்றுக்கு 20 முதல் 25 பேர் வரை இறக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மற்ற காமாலைகளில் இப்படி இல்லை. பிள்ளைக்கும் ஆபத்து. இந்த ஒரு விஷயத்துக்காகவே, ரிப்போர்ட்டில் அந்த எழுத்துக்குப் பக்கத்தில் சிவப்பு மையால் கோடு போட்டுக் கொடுக்க வேண்டும் என்பேன்.

உங்கள் மருத்துவப் பக்கத்தில் எழுதியவருக்கு இன்னும் இரண்டு செய்தி சொல்கிறேன், அடுத்த முறை எழுதும்போது உதவும். 1955 கடைசியில் டில்லியில் பெரிய காமாலை. நகரத்துக்குத் தண்ணீர் எடுக்கும் இடத்தில் யமுனை ஆற்றில் சாக்கடை கலந்து, சுமார் 29,000 பேருக்குக் கண் மஞ்சளானது. அப்போது அதை ஏ வகை என்றுதான் நினைத்தார்கள். எடுத்து வைத்த இரத்த மாதிரிகளைப் பல வருடம் கழித்துச் சோதித்தபோதுதான் அது ஏ அல்ல என்று தெரிந்தது. வைரஸைக் கண்ணில் கண்ட கதை இன்னும் விசித்திரம். ஆப்கானிஸ்தானில் இருந்த சோவியத் படைவீரர்களுக்குக் காமாலை வந்தது. மிகைல் பாலயான் என்ற விஞ்ஞானி, நோயாளிகளின் மலத்திலிருந்து எடுத்த சாற்றைத் தானே குடித்து, தனக்கு நோயை வரவழைத்துக்கொண்டு, தன் மலத்தில் அந்த வைரஸை எலெக்ட்ரோன் நுண்ணோக்கியால் பார்த்தார். 1983இல் வெளியிட்டார். கேட்கவே குமட்டும், ஆனால் மனுஷர் அப்படித்தான் கண்டுபிடித்தார்.

நம் பக்கத்துக்கு வருவோம். 2007இல் கம்பளையில் காமாலை பரவியது பலருக்கு நினைவிருக்கும். அது ஏ வகை. வகை வேறானாலும் வழி ஒன்றுதான். எங்கள் தோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேக்கணக்கு லயத்தின் மலசலகூடக் குழிகள் மேட்டில் இருக்கின்றன. பணியக்கணக்குப் பீலிக்கு வருகிற ஊற்று அந்த மேட்டுக்குக் கீழேதான். வெயில் காலத்தில் தண்ணீர் கண்ணாடிபோல் இருக்கும், மழை கொட்டினால் கலங்கும். கலங்கிய தண்ணீரைச் சனங்கள் துணி போட்டு வடிகட்டுகிறார்கள். வைரஸுக்குத் துணி ஒரு பொருட்டா? கலங்காத தண்ணீரிலும் அது இருக்கும். டேங்கிக்குக் குளோரின் போடுவது யாருடைய வேலை என்பதில் தோட்ட நிருவாகத்துக்கும் பிரதேச சபைக்கும் இடையில் எத்தனையோ கூட்டம் நடந்தது. தேத்தண்ணீரும் வடையும் வந்தன, குளோரின் வரவில்லை.

தண்ணீரைக் கொதிக்க வையுங்கள் என்று சொல்லிச் சொல்லி என் வாயே ஓய்ந்துவிட்டது. நன்றாகக் குமிழ் விட்டுக் கொதித்தால் இந்த வைரஸ் செத்துவிடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் காலையில் பெரட்டுக்கு ஓடுகிற பெண் சோறு வடிக்க வேண்டும், பிள்ளையைக் காம்பராவில் விட வேண்டும், விறகு ஈரம். பிளேன்டீக்குக் கொதிக்க வைக்கிறாள், அது பாதுகாப்பு. மலையில் தாகம் எடுத்தால் ஊற்றில் கையைக் குவித்துக் குடிக்கிறாள், ஆபத்து அங்கே இருக்கிறது. கர்ப்பிணிக்காவது ஒரு போத்தல் கொதித்தாறிய தண்ணீரைக் கொடுத்தனுப்பச் சொல்லி மாமியார்மாரிடம் சொல்லுவேன். இப்போதும் சொல்கிறேன். இன்னொன்று, காட்டுப்பன்றி இறைச்சியை அரைவேக்காட்டில் சாப்பிடுகிறவர்களுக்கும். இந்த வைரஸின் சில வகைகள் பன்றியிலிருந்து மனிதருக்கு வரும். நம் தென்னாசியப் பக்கத்தில் பெரும்பாலும் தண்ணீர் வழிதான் என்றாலும், இறைச்சியையும் நன்றாக வேகவைப்பதில் நட்டமில்லை.

இந்த நோயில் இன்னொரு சிக்கல், தண்ணீர் உள்ளே போய் இரண்டு முதல் பத்து வாரம் கழித்துத்தான் கண் மஞ்சளாகும். ஐந்தாறு வாரத்துக்கு முன்னால் எந்தப் பீலியில், எந்தத் திருவிழாப் பந்தலில் தண்ணீர் குடித்தாய் என்று கேட்டால் யாருக்கு நினைவிருக்கும்? அதனால்தான் ஒவ்வொரு நோயாளியையும் பதிவு செய்வது முக்கியம். வைரஸ் காமாலை நம் நாட்டில் அறிவிக்க வேண்டிய நோய். டாக்டர் எச் 544 என்ற படிவத்தில் எழுதி அனுப்பினால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரான பி.எச்.ஐ. வீட்டுக்கு வந்து விசாரிப்பார். ஆனால் சுகாதார அமைச்சின் வாராந்தத் தொற்றுநோய் அறிக்கையில் எல்லா வைரஸ் காமாலைக்கும் சேர்த்து ஒரே நிரல்தான். நுவரெலியா மாவட்டத்தில் இத்தனை, பதுளையில் இத்தனை என்று பார்க்கலாம். அதில் ஏ எத்தனை, ஈ எத்தனை என்று பார்க்க வழியில்லை. பிரித்துப் போட்டால், கர்ப்பிணிகள் உள்ள எந்த லயத்துக்கு முதலில் ஓட வேண்டும் என்று என் இடத்தில் இப்போது வேலை செய்கிற பிள்ளைகளுக்குத் தெரியும்.

தடுப்பூசி போட்டிருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். 2003 முதல் நம் குழந்தைகளுக்குப் போடுவது பி வகைக்கானது, அது ஈயைத் தடுக்காது. ஈக்கு ஒரு தடுப்பூசி சீனாவில் 2011இல் அனுமதி பெற்றது, நம் அட்டவணையில் அது இல்லை. ஆகவே இப்போதைக்கு எங்கள் கையில் இருப்பது சுத்தமான தண்ணீர், கழுவிய கை, நேரத்தோடு ஆஸ்பத்திரி, இவ்வளவுதான். வீட்டில் செய்யக் கூடாததையும் சொல்லிவிடுகிறேன். காமாலை கண்டவருக்கு ஆம்பிளையானால் சாராயம் வேண்டாம், யாரானாலும் கடையில் வாங்கிய மாத்திரைகளைத் தன்னிஷ்டத்துக்குப் போட வேண்டாம், பனடோல் உட்பட. கல்லீரல் ஏற்கெனவே நொந்து கிடக்கிறது.

இப்போது உங்களிடம் கேட்பது. வாகனப் பக்கத்தில் ஹைபிரிட் கார் என்றே எழுதுங்கள், அது எல்லாருக்கும் விளங்குகிறது. மருத்துவப் பக்கத்தில் ஹெபடைடிஸ் ஈ என்று முழுதாகப் போடுங்கள், பக்கத்திலேயே தண்ணீரால் வரும் செங்கமாரி என்றும் ஒரு தடவை சொல்லிவிடுங்கள். நாலு சொல் கூடினால் பத்திரிகைக்கு என்ன குறைந்துவிடும்? தனியார் பரிசோதனை நிலையம் நடத்துகிறவர்களில் உங்கள் வாசகர்கள் இருந்தால் அவர்களுக்கும் இதையே சொல்கிறேன். பெயரை மூன்று நிறத்தில் அச்சடிக்க முடிகிறவர்களுக்கு, முடிவை மூன்று மொழியில் அச்சடிக்க முடியாதா? கர்ப்பிணி என்று தெரிந்தால் தாளைக் கையில் கொடுத்து அனுப்பாமல், அனுப்பிய டாக்டருக்கோ பிரதேசத்துச் சுகாதார வைத்திய அதிகாரியின் (எம்.ஓ.எச்.) காரியாலயத்துக்கோ ஒரு ஃபோன் போடுங்கள்.

ஜூலை 28 உலக ஹெபடைடிஸ் தினம். வருடா வருடம் நீங்கள் ஒரு பக்கம் போடுகிறீர்கள், அதில் பியும் சியும்தான் இருக்கும். அவையும் வேண்டியவைதான். இந்த வருடம் ஈக்கும் கால் பக்கம் ஒதுக்குங்கள், லயங்களில் ஒட்டி வைக்கிற மாதிரி எழுத்தைப் பெரிதாகப் போடுங்கள். என்ன எழுத வேண்டும் என்பதை நானே எழுதித் தருகிறேன், அந்தப் பகுதி எம்.ஓ.எச். ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். படம் வேண்டுமென்றால் மேட்டில் உள்ள குழியும் கீழே உள்ள பீலியும் ஒரே படத்தில் தெரிகிற இடம் எனக்குத் தெரியும். அண்ணன் மகன் எடுத்து அனுப்புவான். நோயாளியின் பெயர் கேட்காதீர்கள், தர மாட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர்,
இராகலை.